நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவா? நகத்தைப் பார்த்து உடம்பில் என்ன குறை என்று சொல்ல முடியுமா?

நகங்களில் வெள்ளைப் புள்ளிகள், நெடுக்காகச் சில கோடுகள், கால்சியம் குறைவு என்கிறார்கள், என்ன மாத்திரை சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கால்சியம் மாத்திரையை வாங்காதீர்கள். அனேகமாக வீட்டில் யாரோ, அல்லது மருந்துக்கடைக்காரர், உங்கள் கையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் சின்னதுதான். வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தடம். பட்டதே நினைவிருக்காது. நகம் வளர வளரப் புள்ளியும் மேலே ஏறிப்போய் ஒருநாள் வெட்டுப்பட்டுவிடும். சின்ன வயதில் கண்மாய்க்கு மேலே கொக்குகள் பறந்தால் நகத்தோடு நகத்தை உரசிக்கொண்டு, பூப் போடச் சொல்லிக் கத்துவோமே, அந்தப் பூதான் இது. அதற்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை. நெடுக்குக் கோடுகள் வயது ஏறினால் வருபவை. நகத்தடியில் பிறை தெரியாவிட்டால் அந்த நோய், இந்த நோய் என்று வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றுகிறது, அதையும் நம்ப வேண்டாம். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே பல விரல்களில் பிறை தெரியாது.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் நகத்தில் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அது இதைவிடப் பெரிய தப்பு. நான் டாக்டர் இல்லை, காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். என் அத்தையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்ததில் தெரிந்துகொண்டதையும், அதன்பிறகு தேடிப் படித்ததையும்தான் சொல்கிறேன்.

அத்தைக்குப் பள்ளத்தூர். பலகாரம் போடும் இடத்தில் வேலை. கல்யாண மாதங்களில் சீருக்குப் போகும் பலகாரங்களுக்கு ஓய்வே கிடையாது. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் போடுவார்கள் என்றாலும் அத்தைக்குக் கைமுறுக்குதான். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திரித்துத் திரித்துச் சுற்று மாறாமல் போட்டுக்கொண்டே போகும். ஏழு சுற்று முறுக்கை அத்தை போட்டால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும், எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் உடையாது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் கை விரல்களின் நகங்கள்தான் மெல்லிசாகி, நடுவில் பள்ளமாகி, ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு, கரண்டி மாதிரி ஆகிவிட்டிருந்தன. கேட்டால் அத்தை ஒரே பதில் சொல்லும்: "மாவுலயும் தண்ணியிலயுமே கெடக்குற கை தாயி, நகம் வேற எப்பிடி இருக்கும்?" கூட வேலை பார்க்கிறவர்களும் அதையே சொன்னார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியபோது, அங்கே இருந்தவர் நகத்தை மட்டும் பார்த்துவிட்டு கால்சியமும் வைட்டமினும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. அத்தையின் கூலியில் அந்த மாத்திரைகள் சின்னச் செலவு இல்லை. மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டது.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாமாவுக்குச் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் அக்கா. 2021இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து மாமா மாத்திரைக்காக பஸ் ஏறுவதில்லை. அன்றைக்கு அத்தை தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது அந்த அக்கா சொம்பை வாங்காமல் விரலைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம், "பச்சரிசி அள்ளித் திங்குறீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அத்தை தின்னும். முறுக்கு மாவுக்காக ஊறவைத்து நிழலில் உலர்த்தும் பச்சரிசியைப் போகும்போதும் வரும்போதும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்ளும். நாங்கள் அதை ஒரு பழக்கம் என்றே வைத்திருந்தோம். பச்சரிசி, திருநீறு, சாக்பீஸ், மண் என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். இதற்கென்று பெரிய படிப்புப் படித்தவர் இல்லை அவர். ஆனால் கையைப் பிடித்துப் பார்த்தார்.

காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அத்தையின் ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது வழியாமல் அப்படியே நின்றது. சாதாரண நகத்தில் நிற்காது. "வேலையாலயும் நகம் இப்படி ஆகலாம்மா, அதனாலதான் நகத்தை வெச்சு முடிவு பண்ணக்கூடாது, ரத்தம் பார்க்கணும்" என்றார். பார்த்ததில் ஹீமோகுளோபின் 6.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது. வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவதை வயசு என்றும், உதட்டோரம் வெடிப்பதைச் சூடு என்றும், நெஞ்சு படபடப்பதை அடுப்புப் புகை என்றும் அத்தை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்விதான் முக்கியம். "மாசத்துல எத்தனை நாள் படுது?" அத்தை பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தது. என்னை வெளியே போகச் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம். பத்து நாளுக்கு மேல் போகிறது, பல வருஷமாகப் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்று மெதுவாகச் சொன்னது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள். அவ்வளவு ரத்தமும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நான் அத்தையைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சீர்ப் பலகாரம் சுத்தமாகச் செய்ய வேண்டியது, அந்த மூன்று நாள் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று அந்த இடத்தில் ஒரு வழக்கம். வராத நாளுக்குக் கூலி கிடையாது. மூன்று நாள் என்றால் சமாளிக்கலாம். பத்து நாள் படுகிறவள் வீட்டில் உட்கார்ந்தால் முகூர்த்த மாதத்தில் அடுப்பு எரியாது. அதனால் அடர்நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் இல்லாதவள் போலப் போய் உட்கார்ந்து முறுக்குச் சுற்றியிருக்கிறது. இதை எழுதினால் எங்கள் வழக்கத்தைக் குறை சொல்கிறாய் என்று சிலர் வருவார்கள். வீட்டு வழக்கம் வீட்டில் இருக்கட்டும். கூலியைப் பிடிப்பதற்கு அந்த வழக்கம் காரணமாக வேண்டாம் என்கிறேன், வேறொன்றும் இல்லை.

சொல்ல வந்ததோடு ஒட்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்த கையோடு பலகாரம் போடும் இடத்துக்கும் வருகிறார்கள். அத்தையின் விரல்களைக் கிட்டத்தில் வைத்து எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். பெயர்கூடக் கேட்பதில்லை. இன்னொரு பக்கம் அச்சில் பிழிந்ததை அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே கைமுறுக்கு என்று அச்சடித்து விற்கிறார்கள். கண்டாங்கிச் சேலைக்கும் மணப்பாறை முறுக்குக்கும் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, சந்தோஷம். கையால் சுற்றுகிற பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையாவது யாராவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தைக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு நரம்பு வழியாக இரும்புச்சத்து, அதற்குப் பிறகு மாத்திரை. மாத்திரையைக் காப்பி, டீயோடு போடக்கூடாது, டீ குடித்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றார்கள். பலகாரம் போடும் இடத்தில் சாப்பாட்டுக்குப் பின்னாலேயே டீ வந்துவிடும். அதை நிறுத்துவதுதான் அத்தைக்குக் கஷ்டமாக இருந்தது. உடம்பு தேறிய பிறகு நார்க்கட்டிக்கு ஆபரேஷனும் ஆனது. கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அடியிலிருந்து நல்ல நகம் மெல்ல ஏறி, பழைய பள்ளம் முழுக்க வெட்டுப்பட்டுப் போக அரை வருஷம் ஆனது.

"முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் 6க்கு இறங்கிய ரத்தத்தைக் கீரையால் தூக்க முடியாது, போகிற ரத்தத்தை நிறுத்தவும் கீரையால் முடியாது. "ஒருத்தி கதையை வைத்து எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்" என்பவர்களுக்கு: 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தை தனி ஆள் இல்லை. ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் கவனம் வேண்டும். வயிற்றுப் புண், குடல் கட்டி என்று உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். வலி மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம் என்பதால், மூட்டுவலிக்கு அதை வாங்கி வாங்கிப் போடுகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

நகத்தில் வேறு எதைக் கவனிக்கலாம்? குறுக்கே பள்ளமாகக் கோடு எல்லா விரல்களிலும் ஒரே உயரத்தில் இருந்தால், கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் கடுமையான காய்ச்சலோ பெரிய நோவோ வந்து நகம் வளர்வது நின்றிருக்கிறது என்று அர்த்தம். போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1846இல் எழுதிவைத்தது. அடியிலிருந்து கோடு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளந்தால் எப்போது படுத்தோம் என்றே ஏறத்தாழச் சொல்லிவிடலாம். டெங்கு வந்து எழுந்த என் தம்பியின் பத்து விரலிலும் அது இருந்தது, தானாகவே வளர்ந்து போய்விட்டது. இதற்கு வைத்தியம் தேவையில்லை.

விரல் நுனி பருத்து நகம் உருண்டு வளைவது அப்படியில்லை. இரண்டு கை ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வைத்துப் பாருங்கள். நடுவில் சாய்சதுரமாகச் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நுரையீரல், இதயம், சில நேரம் குடல், கல்லீரல் என்று டாக்டர் பார்க்க வேண்டிய பட்டியல் உண்டு. லியோ ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் தனக்கே இதய உள்ளுறையில் தொற்று வந்தபோது தன் விரல்களைப் பார்த்துக் கண்டது இது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்குப் புதிதாக இப்படி ஆனால் தள்ளிப்போடவே கூடாது.

ஒரே ஒரு நகத்தில், முக்கியமாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், அல்லது கறுப்பு நகத்தை ஒட்டிய தோலுக்கும் பரவினால், தோல் டாக்டரிடம் உடனே போங்கள். நம் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய கோடுகள் சாதாரணமாகவே இருக்கும். ஒற்றை நகத்தில் மாறிக்கொண்டிருப்பது வேறு, அது புற்றாகவும் இருக்கலாம். நகத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் மேல்பாதி செம்பழுப்பாகவும் இருப்பது சிறுநீரகக் கோளாறில் வரும். ஊசியால் குத்தினது போலக் குழிகள் இருந்தால் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருக்கலாம். ஈரத்திலேயே கை கிடப்பவர்களுக்கு நகச்சுற்று வரும். எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரிவார்கள். சுகர் இருப்பவர்கள் அதோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், காசு வாங்க மாட்டார்கள். குறைவாக இருந்தால், உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்புச்சத்து எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தம் வேறு எங்கிருந்தாவது போகிறதா என்று டாக்டர் கேட்டால், கூட யார் நின்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் அவர்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள். போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். மருதாணி போட்டிருந்தால் நகத்தின் நிறம் தெரியாது. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், கண்ணையும் நாக்கையும் பார்த்துக்கொள்வார்கள்.