கூலிக்கு மாரடிக்கும் பாட்டா?

கேள்வி: ஐயா, நான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தபோது, இங்கிருந்து மீட்பு வேலைக்குப் போனவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். அந்த வாரமே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டேன். அதை யூடியூபில் வெளியிட்டு, வரும் பணத்தை நிவாரணத்துக்குத் தர எண்ணியிருந்தேன். எங்கள் குழுவின் தபலாக்காரரோ, “சாவு வீட்டில் விளம்பரம் தேடுகிறாய், இது கூலிக்கு மாரடிப்பது” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதைத் தொடவே மனம் வரவில்லை. வெளியிடலாமா? ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், கூடலூர்

பதில்: தம்பி, உங்கள் தபலாக்காரர் கோபத்தில் சொன்னாலும் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். கூலிக்கு மாரடிப்பதை நாம் வசையாக்கிவிட்டோம். ஆனால் காசு வாங்கி ஒப்பாரி பாடும் பெண்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வந்ததும் முதலில் விசாரிப்பார்கள். செத்தவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, கடைசிப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அந்த மகளின் பெயர் பாட்டில் வரும்போது வீடே உடைந்து அழும். அவர்கள் வாங்கிய கூலி அங்கே யாருக்கும் உறுத்தாது.

உங்கள் பாட்டை மூன்று முறை கேட்டேன். எஸ்டேட் பாடியில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) மறுநாளுக்கு ஊறப்போட்ட அரிசி, விடிந்த பிறகும் ஊறிக்கொண்டே இருந்தது என்று பல்லவியில் ஒரு வரி வருகிறது. அதைக் கேட்டபின் கொஞ்ச நேரம் நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் சரணத்தில்தான் சிக்கல். என் விரல் நடுங்கியது, என் கீபோர்டு அழுதது, என் தூக்கம் போனது. ஒரே சரணத்தில் ஒன்பது ‘என்’. தபலாக்காரரின் காதில் விழுந்தது இதுவாகத்தான் இருக்கும்.

1962 சீனப் போரில் மாண்டவர்களுக்காகக் கவி பிரதீப் எழுதிய ‘ஏ மேரே வதன் கே லோகோ’ என்ற இந்திப் பாட்டு உங்களுக்குத் தெரியும். சி. ராம்சந்திரா இசையமைத்து, 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில் லதா மங்கேஷ்கர் பாடியது. நேரு கண்கலங்கினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை: மும்பை மாஹிம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த பிரதீப்புக்கு முதல் வரிகள் தோன்ற, எதிர்ப்பட்டவரிடம் பேனா இரவல் வாங்கி, சிகரெட் பெட்டியின் உள்தாளைக் கிழித்து எழுதிக்கொண்டாராம். அவசரம் உங்களுடையதைப் போன்றதுதான். ஆனால் பாட்டில் அவர் தன்னை எங்கே வைத்தார் என்று பாருங்கள். நாட்டில் தீபாவளி நடந்தபோது அவர்கள் ரத்தத்தில் ஹோலி ஆடினார்கள், நாம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் குண்டு வாங்கினார்கள் என்கிறார். வீட்டில் உட்கார்ந்திருந்த ‘நாம்’, அதில் பிரதீப்பும் ஒருவர். தன் துக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை இல்லை. செத்தவர்களை சீக்கியர், ஜாட், மராட்டியர், கூர்க்கா என்று சொல்லிக்கொண்டு போகிறவர், மதராசியையும் மறக்கவில்லை. ஒப்பாரிக்காரி விசாரித்த மாதிரி!

ஆகவே அந்தச் சரணத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு வார்த்தை வேண்டுமென்றுகூட இல்லை. 1963 செப்டம்பரில் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். இரண்டே மாதத்தில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதற்காகப் பதிவு செய்த ‘அலபாமா’வில் ஒரு சொல்லும் கிடையாது, சாக்ஸபோனும் உடன் வாத்தியங்களும் மட்டும்தான். உங்கள் இடையிசையில் வரும் புல்லாங்குழலையே அங்கே நீட்டிப் பாருங்கள்.

வீடியோவில் சடலப் படங்கள், டிரோன் காட்சிகள், கூடவே உங்கள் முகம், எதுவும் வேண்டாம். வரிகள் மட்டும் ஓடினால் போதும்.

இனி பணம். யூடியூபில் விளம்பர வருமானம் வரவே 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறார்கள். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். ஆகவே ‘வருமானம் முழுவதும் நிவாரணத்துக்கு’ என்று தலைப்பில் போடாதீர்கள். கொடுக்க நினைப்பதை இப்போதே கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

பெரிய இடங்களிலேயே இது சறுக்கியிருக்கிறது. பிரதீப் தன் பாட்டின் உரிமைத்தொகையைப் போர் விதவைகளுக்கென்று எழுதிக்கொடுத்தார். பாக்கியாக 10 லட்சம் ரூபாய் கட்டும்படி இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல 2005 வரை ஆனது. வங்கதேச அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டு, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடத்திய கச்சேரியும் அப்படித்தான். அன்றைய டிக்கெட் வசூலான சுமார் 2.43 லட்சம் டாலர் யுனிசெஃபுக்குப் போனது. இசைத்தட்டில் வந்த பெருந்தொகையோ ஆண்டுக்கணக்கில் வரித்துறையில் சிக்கிக்கிடந்தது. பணம் யாருக்கு என்பதை முன்கூட்டியே காகிதத்தில் முறைப்படுத்தாததுதான் காரணம். (அந்த மேடையில் சிதாருக்குச் சுருதி சேர்த்ததையே கச்சேரி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள் என்பது வேறு கதை.)

வெளியிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் சோறு கட்டிக் கொடுத்தவர்களில் சூரல்மலையில் சொந்தத்தைப் பறிகொடுத்தவர் யாராவது இருப்பார். அவர் வீட்டுக்குப் போய், ஒலிபெருக்கி இல்லாமல், பாடிக் காட்டுங்கள். ஊறிய அரிசி வரி அவருக்குப் பொறுக்கவில்லை என்றால் அதையும் எடுக்க வேண்டியிருக்கும், எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும். போகும்போது தபலாக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வராவிட்டால், சரணத்தை வெட்டிய பிறகு இன்னொரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.