டிஎஸ்எல்ஆரா, சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமராவா, முதல் கேமராவுக்கு எது சரி?

டிஎஸ்எல்ஆர்னா லென்ஸ கழட்டி மாத்திக்கற கேமரா. பிரிட்ஜ் கேமரான்னா லென்ஸ கழட்ட முடியாது, ஆனா அந்த ஒரே லென்ஸ் ரொம்ப தூரம் இழுக்கும், நிக்கான் பி900ல 83 மடங்கு ஜூம், டிஎஸ்எல்ஆரோட வர்ற 18-55 லென்ஸ்ல 3 மடங்குதான். எப்படின்னா உள்ள வெளிச்சத்த படமா மாத்துற சென்சார் குட்டி, சுமார் 6 மி.மீ. அகலம், அதனால சின்ன லென்ஸே அவ்ளோ தூரம் இழுக்கும், சாதாரண டிஎஸ்எல்ஆர்ல சென்சார் 22, 23 மி.மீ. இருக்கும். ஆனா குட்டி சென்சார்ல வெளிச்சம் கம்மியாதான் விழும். மழையில அண்டாவையும் டம்ளரையும் வச்சா எதுல தண்ணி அதிகம் சேரும், வெளிச்சமும் அப்படித்தான். வேடந்தாங்கல்ல காலை வெயில்ல மரத்து உச்சில நிக்கிற நாரையோட கண்ணு வரைக்கும் பிரிட்ஜ்ல கிடைக்கும் (பார்க்கவே அவ்ளோ அழகு), அதையே ராத்திரி மண்டபத்துக்குள்ள கொண்டுபோனா முகமெல்லாம் புள்ளி புள்ளியா வரும். பறவை, நிலான்னா பிரிட்ஜ் எடுங்க, வீட்டு விசேஷம், ஓடுற குழந்தைங்கன்னா டிஎஸ்எல்ஆர்தான்.

ஜூம் கூடுனா படமும் தெளிவா வரும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது கிட்ட கொண்டுவரும் அவ்ளோதான், தெளிவுக்கு வெளிச்சம் வேணும்.