அறுவை அரங்கச் செருப்பைக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் போடுவது ஏன்?

கழுவுதல் ரத்தத்தையும் அழுக்கையும் அகற்றும். கிருமிநீக்கம் மிஞ்சிய கிருமிகளைக் கொல்லும். வரிசை மாறினால் பிளீச்சிலுள்ள குளோரின் ரத்தப் புரதத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். பிசுக்குச் சுவரில் பெயின்ட் அடித்த கதைதான்.

கையுறை போட்டு, குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு அடிப்பள்ளங்களை பிரஷால் தேயுங்கள். வெந்நீர் வேண்டாம், ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அலசிய பின், 5% சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) 1 பங்குக்கு நீர் 9 பங்கு கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். லேசான ஃபோம் செருப்புகள் மிதக்கும், மேலே பாரம் வைத்தே ஆக வேண்டும். கரைசலை அன்றன்று கலப்பது முக்கியம். மறுபடி அலசி, முழுக்க உலர்த்துங்கள்.

மேலுறை மாட்டினால் செருப்பைக் கழுவத் தேவையில்லை என்பது தவறு: உறை கிழியும், ஈரம் ஊடுருவும், கழற்றும் கையிலும் அழுக்கு ஒட்டும்.