வாசகர் கேள்வி – பதில்: ‘ஏஎம்டி சூடாகும்’ என்பது எந்தக் காலத்துக் கதை?

கேள்வி: மகளுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருக்கிறது. லேப்டாப் பார்க்க பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போனோம். கடைக்காரர் “ஏஎம்டி வேண்டாம் மேடம், சூடாகும், இன்டெல் எடுங்க” என்கிறார். மார்த்தஹள்ளியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனோ “அத்தை, இன்டெல் பக்கமே போகாதீங்க” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: ஏஎம்டி, இன்டெல் இரண்டும் கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைச் செய்கிற கம்பெனிகள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருமே பேசுவது நீங்கள் வாங்கப்போகிற லேப்டாப்பைப் பற்றி இல்லை.

கடைக்காரர் சொல்வது ரொம்பப் பழைய சூடு. 2000 மார்ச்சில் 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை முதலில் எட்டியது ஏஎம்டியின் அத்லான் சிப்தான், இன்டெல் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. ஆனால் அந்தக் காலத்து அத்லானில் மேலே இருக்கிற, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கழன்றால் சில நொடிகளில் சிப் கருகிவிடும், இன்டெல்லின் பென்டியம் 4 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும். அசெம்பிள் செய்கிறவர்கள் அதை மறக்கவில்லை, போதாக்குறைக்கு 2013-ல் 220 வாட் இழுக்கிற எஃப்எக்ஸ்-9590 என்று ஒரு சிப்பை ஏஎம்டியே விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், நடுவில் 2004-ல் இன்டெல்லின் பிரெஸ்காட் பென்டியம் 4 சூடாகிச் சூடாகி, 4 கிகாஹெர்ட்ஸ் சிப் விடும் திட்டத்தையே இன்டெல் கைவிட்டது. அதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை!

உங்கள் மருமகன் மனதில் இருப்பது 2024. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி நாளடைவில் பழுதாகின, இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. பெரிய சறுக்கல்தான், ஆனால் அது டெஸ்க்டாப் விவகாரம்.

லேப்டாப்பில் சூடு என்பது பெரும்பாலும், சிப்புக்கு எத்தனை வாட் கொடுக்கலாம் என்று லேப்டாப் கம்பெனி முடிவு செய்ததையும் உள்ளே எப்படிப்பட்ட ஃபேன் வைத்தது என்பதையும் பொறுத்தது. அதே சிப் ஒரு மாடலில் சாதுவாக இருக்கும், இன்னொன்றில் தோசைக்கல். அதனால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு மாடல் நம்பரை முழுசாகக் கேளுங்கள், கடையில் முறைத்தாலும் பரவாயில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 7520யு என்பது 2023 வரிசை மாதிரி தெரியும், உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7640யு என்றால் அதைவிடப் புதிய ஜென் 4. இரண்டின் பெட்டியிலும் பெரிதாகத் தெரிவது ‘ரைசன் 5’ மட்டும்தான். இதைக் கிண்டல் செய்து 2023 டிசம்பரில் இன்டெல் ஒரு பிரச்சாரமே வெளியிட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிட்டது, அடுத்த மாதமே கோர் 7 150யு என்ற புதுப் பெயரில் தன்னுடைய பழைய ராப்டர் லேக் வடிவமைப்பை இறக்கியது. அவர்களுக்கு நாம் குழம்பினால்தான் லாபம் போலிருக்கிறது.

கேள்வி: டிவி, ஃபிரிட்ஜ் மாதிரி கண்ணுக்குத் தெரிகிற பொருளும் இல்லை. எப்படி இன்டெல் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், விவேக் நகர்

பதில்: காசு கொடுத்துத்தான் ஐயா. சிப்பின் பெயர் 386, 486 என்று வெறும் எண்ணாக இருந்தவரை அதை டிரேட்மார்க்காக வைத்துக்கொள்ள முடியவில்லை, ஏஎம்டியும் 1991-ல் தன் 386-ஐ விற்றது. அதே வருடம் இன்டெல் ‘இன்டெல் இன்சைடு’ ஆரம்பித்தது: விளம்பரத்தில் எங்கள் லோகோவைப் போடுங்கள், விளம்பரச் செலவில் பங்கு தருகிறோம் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம் சொன்னது. 1993-ல் எண்ணை விட்டுவிட்டு பென்டியம் என்று பெயரே வைத்தார்கள்.

பேர் வாங்கினால் திட்டும் வாங்க வேண்டும் இல்லையா? 1994-ல் பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுவது தெரியவந்தது. சாதாரண ஆட்களுக்கு இது பாதிக்காது, தேவை என்று காட்டினால் மாற்றித் தருகிறோம் என்று முதலில் இன்டெல் இழுத்தது. லோகோவைப் பார்த்து வாங்கியவன் சும்மா விடுவானா, கடைசியில் கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கொடுத்த தள்ளுபடிகளால் போட்டியாளரான ஏஎம்டியை ஒதுக்கியது என்று 2009-ல் ஐரோப்பிய ஆணையம் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. இன்டெல் விடாமல் வழக்காடி அதை ரத்து செய்யவைத்தது, 2024-ல் ஐரோப்பிய உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிசெய்தது. ஆனால் ஏஎம்டியோடு தனியாகச் சமரசம் செய்து 2009-லேயே 125 கோடி டாலர் கொடுத்தது, அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. என்னைக் கேட்டால், ஏஎம்டி அந்த நாட்களில் தோற்றது சிப்பில் அல்ல, கடை அலமாரியில்.

கேள்வி: நம்ம பெங்களூரில் இரண்டு கம்பெனிக்கும் ஆபீஸ் இருக்கிறதே, அவர்கள் நிஜமாகவே எதிரிகளா?
– கல்லூரி மாணவர், ஜீவன்பீமா நகர்

பதில்: விற்பனையில் ஆமாம். தம்பி, ஏஎம்டி தன்னுடைய மிகப் பெரிய டிசைன் மையத்தை 2023 நவம்பரில் திறந்தது இதே ஊரில், இன்டெல் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில், சிப்புக்கு ஒரே கம்பெனியை நம்பமாட்டேன் என்று கம்ப்யூட்டர் செய்த ஐபிஎம் சொன்னதால்தான் இன்டெல் 1982-ல் ஏஎம்டிக்குத் தன் சிப்பைச் செய்ய உரிமை கொடுத்தது. 2003-ல் ஏஎம்டி தன் சிப்புகளுக்குக் கொண்டுவந்த 64 பிட் கட்டளை முறையை இன்டெல்லும் எடுத்துக்கொண்டது, இன்றைய இன்டெல் லேப்டாப்பிலும் ஓடுவது அதுதான். செல்போன்களில் இருக்கிற ஆர்ம் வகை சிப்புகள் நெருக்க ஆரம்பித்ததும் 2024 அக்டோபரில் இரண்டும் சேர்ந்து ஓர் ஆலோசனைக் குழுவே அமைத்துக்கொண்டன.

கேள்வி: இன்டெல் சிப்பில் ஐ7 என்றாலே ஐ5-ஐவிட வேகம்தானே?
– வாசகர், சிவாஜி நகர்

பதில்: இல்லை. ஐ7-1355யு-வில் கனமான வேலையைச் செய்கிற பெரிய கோர்கள் (சிப்புக்குள் இருக்கும் செயல் பகுதிகள்) இரண்டு, ஐ5-13500எச்-ல் நான்கு. வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலை என்றால் அந்த ஐ5 எடுங்கள், பையில் சார்ஜர் இல்லாமல் நாள் முழுக்கச் சுற்றவேண்டும் என்றால் கரண்ட் குறைவாக இழுக்கும், யு என்று முடிகிற சிப் பக்கம் போங்கள்.