பழைய விடுதிக் கூடத்தில் படிப்பறை

கேள்வி: நூறாண்டு கண்ட எங்கள் பள்ளி விடுதியின் மாடிக் கூடத்தைப் படுக்க, படிக்க எனப் பிரிக்கச் செங்கல் சுவர் எழுப்பலாமா? சிமென்ட் பூசிய இடமெல்லாம் உப்புப் பூத்து உதிர்கிறதே, ஏன்?

பதில்: செங்கல் சுவர் வேண்டவே வேண்டாம். இவ்வளவு பழைய கட்டடத்தில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் தளம்தான் இருக்கும், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய தளம். அதைத் தாங்குபவை அந்த உத்தரங்களே. நடுவில் சுமை ஏறினால் தொய்யும், மேலுள்ள செங்கல் வரிசை விரிசல் விடும். 5 அடி மரத் தட்டி போதும், அதற்கு மேல் காற்று ஓடட்டும். புத்தக அலமாரிகளை உத்தரம் சுவரில் அமரும் முனைப் பக்கமாக வையுங்கள். ஒரு மீட்டர் வரிசைப் புத்தகமே 20 கிலோவைத் தாண்டும்.

சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது, அந்த ஈரத்தில் கரைந்த உப்புதான் பூத்துப் பூச்சை உதிர்க்கிறது. கொத்தி எடுத்துவிட்டு, ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து, ஒவ்வொரு பூச்சும் 10 மி.மீ. தாண்டாமல் பூசுங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அதுவும் ஈரத்தை அடைத்து, மறுபடி கொப்புளிக்கும்.