கண்ணாடி முழுக்கப் பால்

கேள்வி: தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறேன். தெரியாமல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால்?

பதில்: நானும் நுழைந்தவன்தான். முன்னால் மெல்லிய வெள்ளை. தாண்டிவிடலாம் என்று போனேன், அங்கேதான் தப்பு. சில நொடிகளில் கண்ணாடி முழுக்கப் பால். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்தது. கருவியோ இடப்பக்கம் 30 டிகிரி சாய்வு காட்டியது. மெதுவான திருப்பத்தை உள்காது உணராது. 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கருவியை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே தெரியாதபடி செய்து சோதித்தார்கள். கட்டுப்பாடு தவறச் சராசரியாக 178 நொடிதான் ஆனது.

சரி, முதலில் கருவியை நம்பி இறக்கையைச் சமன் செய்யுங்கள். அப்புறம் மிதமான சாய்வில், நொடிக்கு 3 டிகிரியாக, ஒரு நிமிடத்தில் வந்த வழியே திரும்பலாம். ரேடியோவில் உடனே சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை.