வெங்காயப் பனிப்பூச்சி: மருந்தடித்த பின்னும் பெருகுவது ஏன்?

கேள்வி: நீர்வேலியில் ஆறு பரப்பில் சின்ன வெங்காயம் நட்டு 35 நாளாகிறது. தாள்களில் வெள்ளைக் கீறல்களைக் கண்டதும் கடையில் தந்த மருந்தை அடித்தேன். பூச்சி ஒழிந்துவிட்டது போலிருந்தது. இரண்டு கிழமைக்குள் முன்னரைவிடக் கூடிவிட்டது. அதே மருந்தை மீண்டும் அடித்தும் பயனில்லை. மருந்து கலப்படமா, ஐயா?

பதில்: கலப்படம் என்று ஐயுறுவதற்கு முன், பூச்சியின் குடித்தொகை எவ்வாறு கூடிக் குறைகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. எந்த உயிரினத்தின் தொகையையும் பிறப்பு, இறப்பு, வெளியிலிருந்து வந்து சேர்தல், வெளியேறுதல் ஆகிய நான்குமே தீர்மானிக்கின்றன. நீங்கள் அடித்த மருந்து இவற்றுள் இறப்பை மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கே, கூட்டியது.

உங்கள் தாள்களில் வெள்ளைக் கீறல்களை உண்டாக்கும் நுண்ணிய பூச்சியான பனிப்பூச்சி (thrips) தாளின் சதைக்குள் முட்டையிடுகிறது; வளர்ந்த குஞ்சு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கிறது. இவ்விரு பருவங்களையும் மருந்து பெரும்பாலும் எட்டாது. எஞ்சியவையும் தாள்கள் கூடும் கழுத்துப் பகுதியில் ஒளிந்துகொள்ளும். வெங்காயப் பனிப்பூச்சியில் பெண் பூச்சி ஆணின் சேர்க்கையின்றியே பெண் குஞ்சுகளை ஈனக்கூடியது என்பதால், தப்பிய ஒன்றே புதிய கூட்டத்தைத் தொடங்கப் போதும். கணக்குக்காக ஒரு பெண் பூச்சி ஒரு தலைமுறையில் பத்துப் பெண் பூச்சிகளை விட்டுச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூறைக் கொன்ற மருந்தின் பயன் ஒரே தலைமுறையில் அழிந்துவிடும். நமது கோடை வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு இரண்டு, மூன்று கிழமை போதும்.

ஆனால் முன்னரைவிடக் கூடியதற்கு இந்தக் கணக்கு மட்டும் காரணமாகாது. பொறிவண்டு, சிலந்தி, இரைகௌவிச் சிற்றுண்ணி முதலியன பனிப்பூச்சியைத் தின்று அதன் தொகையை அடக்கி வைக்கின்றன. பல பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்து இவற்றையும் அழித்துவிடுகிறது. இவை பனிப்பூச்சியளவு விரைவாகத் திரும்பிப் பெருகுவதில்லை. அதோடு, முதல் மருந்துக்குத் தாக்குப்பிடித்தவற்றின் சந்ததிக்கே அதே மருந்தை மறுபடியும் அடித்திருக்கிறீர்கள்.

உணவு குறைந்தால் எந்தத் தொகையும் ஓரளவில் நின்றுவிடும் என்பது உண்மைதான். சூழலியலார் இதைத் தாங்கு கொள்ளளவு என்பர். வெங்காயத்தில் அந்த எல்லை வரும்போது தாள் வெளுத்துக் காய்ந்து, குமிழ் பருக்க வழியின்றிப் போயிருக்கும். ஆகவே அதற்கு முன்னரே தொகையை மட்டுப்படுத்தும் காரணிகளைத்தான் நாம் நாட வேண்டும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் தாள் மென்மையாகிப் பூச்சியின் பெருக்கத்துக்கு உதவுகிறது. நீர்வேலி அடங்கும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றின் நீரில், யூரியாவைப் போலவே பயிருக்குத் தழைச்சத்துத் தரும் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்திருப்பதையும் பசளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் குடிப்பவர்களும் நாம்தானே. மழை குஞ்சுகளைக் கழுவி வீழ்த்தும். மழையில்லாத இக்காலத்தில் தூவல் இறைப்பு அவ்வேலையைச் செய்யும்; மாலையில் தூவினால் தாள் இரவெல்லாம் ஈரமாகவே கிடந்து பூஞ்சண நோய்க்கு இடமாகும் என்பதால் காலையில் மட்டும் செய்யுங்கள். பாத்தியில் மெல்லிய வைக்கோல் மூடாக்கு இடுவதும் நன்று.

வந்து சேர்வதையும் மறக்கலாகாது. அயல் தோட்டத்தில் முற்றிய வெங்காயத்தைப் பிடுங்கும்போது அங்கிருந்த பூச்சிகள் காற்றோடு உங்கள் பாத்திக்கு வரும். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசுவதால், அடுத்த முறை முற்றிய பயிருக்கு வடகிழக்கே இளம் பயிரை நடாதீர்கள். காற்று வரும் பக்கத்தில் இரண்டு வரிசை சோளம் விதைத்தால் ஓரளவு தடையாகும்.

இப்போதைக்கு, ஒரே மூலையில் பார்க்காமல் தோட்டத்தின் பல இடங்களிலும் 20 பயிரின் கழுத்தை விரித்துப் பூச்சிகளை எண்ணிக் குறித்து, நான்கு நாள் கழித்து மீண்டும் எண்ணுங்கள். தொகை இறங்கினால் மருந்து வேண்டாம். ஏறினால், குமிழ் கட்டும் பருவம் என்பதால் தாமதியாமல், வேறு விதமாகச் செயற்படும் மருந்துத் தொகுதியிலிருந்து ஒன்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, மருந்துப் போத்தலின் சிட்டையிலுள்ள அளவில், கழுத்துப் பகுதி நனையுமாறு மாலை வேளையில் அடியுங்கள். தாள் சாயத் தொடங்கிய பின் அடிப்பது வீண் செலவு. அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளியும் சிட்டையிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.